பட்டமும் தலைப்பெழுத்தும்: தமிழர் பெயர் மரபின் இரு இழைகள்

இந்தியாவின் பல பகுதிகளில் ஒருவரின் பெயரைக் கேட்ட அளவிலேயே அவருடைய மொழியையும் பெரும்பாலும் சாதியையும் ஊகித்துவிட முடிகிறது. மராத்தியர் பலரிடம் ஊர்ப்பெயரோடு 'கர்' என்னும் ஈறு சேர்ந்து குடும்பப்பெயராகிறது. தெலுங்கர் 'இண்டிபேரு' எனப்படும் வீட்டுப்பெயரை ஆளின் பெயருக்கு முன்னே வைக்கின்றனர். தமிழ்நாட்டிலோ தலைமுறைதோறும் மாறாமல் தொடரும் குடும்பப்பெயர் பெரும்பாலோருக்கு இல்லை. 'இனிஷியல்' என்று வழங்கும், தந்தை பெயரைக் குறிக்கும் தலைப்பெழுத்தே உண்டு. இந்நிலையை இருபதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தின் விளைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. சீர்திருத்தம் களைந்தது பெயருக்குப் பின்னே நின்ற பட்டத்தை. முன்னே நிற்கும் தந்தை பெயரோ மிகப் பழையது.

சங்கப் புலவர் ஒருவர் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று குறிக்கப்படுவதில் ஊர், தந்தை, தந்தையின் தொழில் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. தந்தை பெயரோடு மகன் பெயர் சேரும்போது நிகழும் ஒலி மாற்றத்திற்குத் தொல்காப்பியம் தனி விதியே வகுக்கிறது. சாத்தனின் மகனாகிய கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆவதை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுவர். இலக்கணம் விதி வகுக்கும் அளவுக்கு இவ்வழக்கு வேரூன்றியிருந்தது என்பது கருதத்தக்கது.

சோழர் கல்வெட்டுகளில் இவ்வமைப்போடு பட்டமும் சேர்கிறது. முதலாம் இராசராசனின் படைத்தலைவன் 'கிருஷ்ணன் இராமனான மும்முடிச் சோழ பிரம்மமாராயன்' எனப்படுகிறான்: கிருஷ்ணன் தந்தை பெயர், இராமன் இயற்பெயர், எஞ்சியது அரசன் தன் சிறப்புப் பெயரைச் சேர்த்து அளித்த பட்டம். அப்பட்டம் பதவிக்கு உரியதேயன்றிக் குலம் முழுமைக்கும் உரியதன்று. ஆயினும் பிரம்மராயன் பட்டம் பிராமண அதிகாரிகளுக்கும் மூவேந்தவேளான் பட்டம் பெரும்பாலும் நிலவுடைமை வேளாளர்க்கும் சென்றமையால், பிறப்பின் சாயல் அன்றே அதில் படிந்திருந்தது என்பதை மறுக்க இயலாது. தஞ்சைக் கல்வெட்டுகள் இராசராசனைச் சுட்டும் 'உடையார்', 'தேவர்' என்னும் சொற்களும், விசயநகரக் காலத்தில் படைத்தலைமையைக் குறித்த 'நாயக்கர்' என்னும் சொல்லும் காலப்போக்கில் சாதிகளின் பெயராயின.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலப்பதிவேடும் நீதிமன்ற ஆவணமும் 1871 முதல் முறையாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இந்த நெகிழ்ச்சியை இறுக்கின. கணக்கேட்டில் எப்பெயர் ஏறுகிறது என்பது மதிப்பின் அளவுகோலாயிற்று. இழிவாகக் கருதப்பட்ட பழைய பெயரை நீக்கி, முன்பு தங்களுள் தலைமைக் குடும்பங்களுக்கே உரியதாயிருந்த 'நாடார்' என்பதைச் சமூகம் முழுமைக்கும் வழங்க வேண்டும் என்று அச்சமூகத்தார் நெடுங்காலம் போராடினர். 1921-இல் அரசு அதை ஏற்றது.

அதற்குப் பின் எட்டே ஆண்டுகளில், 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் அந்த நாடார் சமூகத்தின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவரான ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன். அரிதில் பெற்ற பெருமைப் பெயரைத் தாமே துறந்ததால், அவருடைய செயல் உயர்ந்த பட்டத்தை மரபுரிமையாகப் பெற்றவர் அதைத் துறப்பதினும் கடினமானது. ஈ. வெ. ராமசாமி தம் பெயரிலிருந்த 'நாயக்கர்' என்பதை அதற்கு முன்பே நீக்கியிருந்தார். பட்டம் போனபோது தமிழர் பெயர் குறைபட்டு நிற்கவில்லை. தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் ஏற்கெனவே அங்கிருந்தன. வேறு மாநிலங்களில் இத்தகைய முயற்சி இவ்வளவு பரவாமைக்கு, நீக்கியபின் அவ்விடத்தை நிரப்ப அங்கு இவ்வகை வழக்கு இல்லாமையும் ஒரு காரணமாகலாம்.

பெயரில் மறைந்த சாதி திருமண விளம்பரங்களில் இன்றும் அச்சாகிறது. மணமான பெண்ணின் தலைப்பெழுத்து தந்தையிடமிருந்து கணவனுக்கு மாறும் வழக்கமும் கேள்விக்குள்ளாகாமலே பலரிடம் தொடர்கிறது. எனினும், வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியர் பெயர்களைக் கூப்பிடும்போது எந்தப் பிள்ளையின் சாதியும் பிறர் காதில் விழாத நிலையைத் தமிழ்நாடு பெற்றது இம்மாற்றத்தால்தான்.