உதையும் பொத்தானும்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பேணி வருவோரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. காலால் உதைத்து இயந்திரத்தை எழுப்புவது சிறந்ததா, பொத்தானை அழுத்தி மின்விசையால் எழுப்புவது சிறந்ததா என்பதே அது. மக்கள் வழக்கில் முன்னையதைக் ‘கிக்கர்’ என்றும் பின்னையதைச் ‘செல்ஃப்’ என்றும் சொல்லுவர். உதைப்பதில் வீரம் காண்போர் ஒருபுறம். வசதியைப் போற்றுவோர் மறுபுறம். இதனை வெறும் இரசனை வேறுபாடென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. உடலின் உழைப்பு எப்போது இலேசாக்கப்படுகிறது, எவருக்காக இலேசாக்கப்படுகிறது என்னும் கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. நுவரெலியா, ஹற்றன் மலைகளிலிருந்து நோக்குமிடத்து அக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகின்றது.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். தொடக்ககால மோட்டார் சைக்கிளை மிதிவண்டியைப்போல் மிதித்தோ, தள்ளிக்கொண்டு ஓடி ஏறியோ இயக்கினர். இங்கிலாந்தில் அல்பிரட் ஸ்கொட் 1908ஆம் ஆண்டளவில் தமது வண்டிகளில் உதைமிதியைப் பொருத்தினார். மோட்டார் காரின் முன்புறம் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றும் துன்பத்தை, சார்ள்ஸ் கெற்றரிங் கண்ட மின்தொடக்கி 1912இல் கடிலாக் கார்களில் நீக்கிற்று. 1914இல் ‘இந்தியன்’ என்னும் அமெரிக்கக் கொம்பனி அதனை மோட்டார் சைக்கிளிலும் பொருத்திப் பார்த்தது. அக்காலப் பற்றரிகள் ஈடுகொடுக்கவில்லை; முயற்சி கைவிடப்பட்டது.

பற்றரிகள் பின்னர் தேறின. கார்களில் மின்தொடக்கி சாதாரணமாயிற்று. ஆயினும் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் கொம்பனிகள் மேலும் பல பத்தாண்டுகள் உதைமிதியோடு நின்றன. மோட்டார் சைக்கிள் வாங்குபவன் உடல்வலு மிக்க இளைஞன். அவன் காலின் உழைப்புக்குச் செலவில்லை என்பதே அவற்றின் கணக்காக இருந்தது எனலாம். ஜப்பானிய ஹொண்டா வேறு கணக்குப் போட்டது. கடைச் சிப்பந்தியும் பெண்களும் ஓட்டக்கூடிய வண்டியாக 1958இல் ‘சுப்பர் கப்’ வெளிவந்தது. ஈராண்டில் அதற்குப் பொத்தானும் வந்தது. 1969இல் அதே கொம்பனியின் நான்கு சிலிண்டர்ப் பெருவண்டி பொத்தானோடு சந்தையில் இறங்கியது. நோர்ட்டன் கொம்மாண்டோவிற்கு 1975இல்தான் மின்தொடக்கி கிடைத்தது. அதற்குள் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் தொழிலே சரிந்துகொண்டிருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. அறிவு 1914இலேயே இருந்தது. உழைப்பை இலேசாக்க வேண்டும் என்ற நெருக்குதல்தான் இருக்கவில்லை. வாங்குவோரின் நெருக்குதல் வந்தபோது பொத்தானும் வந்தது.

இனி நமது மலைகளுக்கு வருவோம். புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. தோட்டங்களுக்குள் வளைந்து ஏறும் பாதைகளை வெட்டியும் கல் பரப்பியும் அமைத்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். அப்பாதைகளில் பின்னர் மோட்டார் சைக்கிள் ஓடியபோது அது பெரும்பாலும் சின்னத்துரையின் வாகனமாயிருந்தது. பிரட்டுக்களத்திற்கும் மலைக்கும் ஸ்டோருக்கும் அவர் அதிலே சென்றார். பாதையை ஆக்கியோர் அதே பாதையில் கொழுந்துக் கூடையுடன் நடந்தனர். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டைத் தோட்டப் பாதையில் 1930களிலிருந்தே மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் நடந்து வந்திருக்கிறது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம். ஒரே ஏற்றம் ஒரு சாராருக்கு விளையாட்டு. மற்றொரு சாராருக்கு நாளாந்தச் சுமை.

மலைநாட்டில் இயந்திரத்தை எழுப்புவது எளிய காரியமன்று. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென அளவிடப்பட்ட காபுரேற்றர் அங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கிறது. தீப்பொறிச் செருகி கரிபிடிக்கிறது. தைமாதக் குளிரில் பெற்றோல் நன்கு ஆவியாவதில்லை, எண்ணெய் தடிக்கிறது, பற்றரியும் சோர்ந்துவிடுகிறது. பொத்தான் மிகவும் வேண்டப்படும் காலையிலேயே அது கைவிடவும் கூடும். மக்னீற்றோ பொருத்திய பழைய வண்டிக்குத் தீப்பொறி தரப் பற்றரி தேவையில்லை, உதைத்தால் போதும். ஆனால் ஒற்றைச் சிலிண்டர்ப் பெருவண்டியில் தீப்பொறி முந்திவிட்டால் உதைமிதி எதிர்த்து அடிக்கும். கணுக்கால் சுளுக்கும், சிலவேளை எலும்பும் முறியும். இரண்டும் தவறினால் மலையே மூன்றாவது வழியைத் தருகிறது. சரிவில் வண்டியை உருளவிட்டு, கியரில் போட்டு, கிளச்சை விட்டால் இயந்திரம் எழும்.

இப்பழைய வண்டிகள் இன்றும் சில உயிரோடிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பின்னர் திறந்த பொருளாதாரத்தோடு புதிய வண்டிகள் பெருகின. மீண்டும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இலேயே கதவு திறந்தது. புதியது வராத காலங்களில் பழையதைக் காப்பாற்றியவர்கள் பட்டறைத் தொழிலாளர். கிடைக்காத உறுப்பைக் கடைந்தும், தேய்ந்த பற்சக்கரத்தை நிரப்பியும் அவர்கள் பெற்ற அறிவு எந்த நூலிலும் பெரிதாக ஏறவில்லை. பழைய வண்டியின் பெருமையைப் பேசுவோர் அந்தக் கைகளையும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

சென்னையில் 1955இல் தோன்றிய என்பீல்ட் இந்தியா நிறுவனத்தின் ‘புல்லட்’ வண்டி, அதன் ஆங்கிலத் தாய் நிறுவனம் மறைந்த பின்னரும் நெடுங்காலம் உதைமிதியோடு ஓடிற்று. 2021இல் வெளிவந்த புதிய ‘கிளாசிக் 350’ வண்டியிலோ உதைமிதியே இல்லை. பொத்தான் தவறினால் ஓட்டுபவன் கையறு நிலையில் நிற்கிறான். பொத்தானையும் உதைமிதியையும் சேர்த்தே கொண்டிருந்த வண்டிகளே இவ்வழக்கில் நேரிய விடை என்பது நமது கருத்து. வேண்டாத உழைப்பை வீரமெனப் போற்றுவது பேதைமை. மனிதன் தன் கையாலும் காலாலும் செய்யக்கூடியதைப் பறித்துவிட்டு அதனை முன்னேற்றமென்பதும் குறைபாடே.

ஓட்டுபவனின் ஓர் உதையை மிச்சப்படுத்த உலகின் பொறியியலறிவு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. மலையில் நிற்கும் பெண்ணின் நிலை என்ன? கூடையோ சாக்கோ இன்றும் தலையிலிருந்து முதுகில் தொங்குகிறது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட கொழுந்து கேட்கப்படுகிறது. அவளது சுமையை இலேசாக்கும் அறிவு உலகில் இல்லாமலில்லை. வண்டி வாங்குபவனுக்குச் சந்தையில் குரல் இருந்தது. ஆகவே பொத்தான் வந்தது. அவளுக்கு அத்தகைய குரல் சந்தையில் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவளுடைய மக்களின் அரசியற் குரலையும் பறித்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின்பே 2021இல் வர்த்தமானியில் ஏறிற்று.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் இயந்திர வரலாற்றைக் கற்கும்போது, கண்டுபிடித்த ஆண்டோடு நின்றுவிடலாகாது. அது எவரிடம் எந்த ஆண்டில் வந்து சேர்ந்தது, எவரிடம் இன்னும் வந்து சேரவில்லை என்றும் கேட்டல் வேண்டும். சந்தை தாமாக அளிக்காத ஆறுதலை உழைப்போர் ஒன்றுகூடிக் கேட்டே பெற வேண்டியிருக்கிறது. மலைநாட்டின் அனுபவம் நமக்குக் கற்பிப்பது இதுவே.