அணங்கும் இறையும்: நம்பியார் தந்த அச்சம்

மனித உள்ளத்தில் தோன்றி உடலில் வெளிப்படும் உணர்வுகளைத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தார். அவ்வெட்டனுள் அச்சமும் ஒன்று. அதனோடு அவர் நின்றாரல்லர். அச்சம் எவற்றிலிருந்து பிறக்கிறது என்றும் ஆராய்ந்து, அதற்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டினார். வருத்தும் தெய்வமும் பேயும் ஆகிய அணங்கு முதலாவது, கொடிய விலங்கு இரண்டாவது, கள்வர் மூன்றாவது, நம்மை ஆளும் இறை நான்காவது. பேயையும் புலியையும் கொள்ளையரையும் எண்ணிய வரிசையிலேயே ஆள்வோனையும் சேர்த்து எண்ணிய அப்பெரும்புலவரின் துணிவு நினைந்து நினைந்து வியத்தற்குரியது.

ஆனைகட்டிப் பகுதியில் வாழும் நமக்கு இவ்வகைப்பாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. இருட்டிவிட்டால் யானைக்கு அஞ்சி விளக்கோடு நடக்கும் ஊர் இது. காட்டுத் தெய்வங்களுக்கு வழிபாடு நிகழும் மலைகள் நம்மைச் சூழ்ந்துள்ளன. அட்டப்பாடி மலைநிலங்கள் மண்ணார்க்காட்டு மூப்பில் நாயர் முதலிய ஜன்மிகளின் உடைமையாய் இருந்த காலத்தையும் இம்மண் அறியும். எனவே, அச்சத்தின் கலையைப் பற்றிச் சிந்திப்பதற்கு நாம் தகுதியற்றவர்கள் அல்லர் என்னும் துணிவோடு, தமிழ்த் திரையில் அச்சம் என்றவுடன் நினைவுக்கு வரும் ஒரு முகத்தைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அம்முகம் எம். என். நம்பியார் அவர்களுடையது.

மலபாரிலிருந்து உதகை வரை

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் மலபாரின் கண்ணூர்ப் பகுதியில் பிறந்தார். அந்நாளில் மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். கண்ணூரும் அட்டப்பாடியும் கோவையும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்த பிறகே, நம் ஊரின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. ஆதலின், மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சிறுவன் தமிழ் நாடக மேடைக்கு வந்தது அக்காலத்தில் வேற்று நாட்டுப் பயணமாகக் கருதப்படவில்லை.

இளமையிலேயே தந்தையை இழந்த நம்பியார், உதகையில் தமக்கையார் இல்லத்தில் வளர்ந்தார். பதின்மூன்று வயதளவில் நவாப் இராசமாணிக்கம் பிள்ளையின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபாவில் சேர்ந்தார். அக்காலப் பாலர் நாடக சபைகள் ஒருவகைக் குருகுலங்கள். உண்பதும் உறங்குவதும் பாடம் கேட்பதும் அங்கேயேதான். பாட்டு, வசனம், வாட்போர், பெண்வேடம், கோமாளி வேடம் என எல்லாவற்றையும் பழகிய பின்னரே ஒருவன் நடிகன் எனப் பெயர் பெறுவான். தமிழ் உச்சரிப்பில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஆசிரியரின் கண் சிவக்கும். பிற்காலத்தில் நம்பியாரின் தமிழில் பிறமொழிச் சாயலைக் காண இயலாமல் போனதற்கு இப்பயிற்சியே காரணம் எனலாம்.

இராசமாணிக்கம் பிள்ளை 'பக்த ராமதாஸ்' நாடகத்தில் நவாப்பாக நடித்துச் சிறந்தமையால் 'நவாப்' என்னும் அடைமொழியைப் பெற்றவர். அந்நாடகம் 1935இல் திரைப்படமானபோது சபையின் நடிகர்களே அதில் நடித்தனர். பதினாறு வயது நம்பியார் அதில் மாதண்ணாவாகத் தோன்றினார். அது நகைச்சுவை கலந்த வேடம். தமிழகத்தை அரை நூற்றாண்டுக்காலம் அஞ்ச வைத்தவர் திரையில் முதலில் சிரிக்க வைக்கவே வந்தார் என்பது கருதத்தக்கது. 1947இல் ஜூபிடர் நிறுவனத்தார் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகர் ஆனார். அப்படத்திலும் நம்பியாருக்கு நகைச்சுவை வேடமே வாய்த்தது.

இதனை நாம் சிறு செய்தியாகக் கொள்ளுதல் கூடாது. சிரிக்க வைப்பவனுக்குக் காலக்கணக்குத் தெரிய வேண்டும். எந்த நொடியில் பேசுவது, எந்த நொடியில் வாளாவிருப்பது என்னும் அளவை அறியாதவன் நகைச்சுவைக்கு ஆகான். அச்சுறுத்துபவனுக்கும் வேண்டுவது அதே கணக்குத்தான். நம்பியாரின் அச்சத்திற்கு அடித்தளம் இட்டது அவருடைய நகைச்சுவைப் பயிற்சியே என்பது நம் கருத்து.

பல முகங்கள்

1950ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அவ்வாண்டில் அவருக்கு இரண்டு பெரும் வாய்ப்புகளை நல்கிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய 'திகம்பர சாமியார்' ஒன்று. குற்றங்களைக் கண்டறிவதற்காக மாறுவேடம் பூணும் தலைமைப் பாத்திரத்தில், பத்துக்கு மேற்பட்ட தோற்றங்களில் நம்பியார் அதில் வந்தார். மற்றொன்று 'மந்திரி குமாரி'. அதில் அவர் இராசகுரு. கொள்ளையனாகத் திரியும் மகனை அரியணையில் ஏற்றச் சூழ்ச்சி செய்யும் அக்குருவின் வேடம், அவருடைய எதிர்காலத்தையே வகுத்துவிட்டது.

அதன்பின் வந்த வேடங்களைத் தொல்காப்பியரின் நான்கு நிலைக்களன்களோடு பொருத்திப் பார்ப்போமாயின் ஓர் உண்மை புலப்படும். 1965இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் கடற்கொள்ளையர் தலைவனாக வந்தார். அது கள்வர் தரும் அச்சம். 1952இல் சேலத்து நிறுவனமும் அமெரிக்கரும் இணைந்து எடுத்த 'தி ஜங்கிள்' என்னும் ஆங்கிலப் படத்திலும் நடித்தார். விலங்குகளைப் பற்றிய அச்சமே அக்கதையின் பொருள். எனினும் அவருக்கு மிகுதியாக வாய்த்தவை நான்காம் வகையைச் சேர்ந்தவை. 'உத்தம புத்திர'னில் அரசிளங்குமரனைத் தன் கைப்பாவையாக வளர்க்கும் நாகநாதன். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் வீட்டையே சாட்டையால் ஆளும் கஜேந்திரன். 'தில்லானா மோகனாம்பா'ளில் பொருளால் எதையும் வாங்கலாம் என எண்ணும் மதன்பூர் மகாராசா. இவர்கள் அனைவரும் ஏதோ ஒரு வகையில் ஆள்பவர்கள். எளியோர் மீது கை வைக்கும் உரிமை தமக்குப் பிறப்பிலேயே வந்தது என்று நம்புகிறவர்கள். 'மிஸ்ஸியம்மா'வில் கடன் கொடுத்துவிட்டு அதன்பேரில் பெண்ணைக் கேட்கும் டேவிட்டும் அவ்வினத்தவனே.

நெஞ்சம் மறக்காத ஜமீன்தார்

இனி, நம் கட்டுரையின் மையத்திற்கு வருகின்றோம். 1963இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை', தமிழில் பேய்க்கதைச் சுவையும் மறுபிறவிக் கதையும் கலந்து வந்த படங்களுள் தனியிடம் பெற்றது. கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலர்கள். விசுவநாதன் – இராமமூர்த்தி இசை, ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு. பாழடைந்த மாளிகைக்குள் நுழையும் இளைஞன் ஒருவனுக்கு முற்பிறவி நினைவு மீள்கிறது. முற்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். ஏழைப் பெண்ணொருத்தியைக் காதலித்தான். குடிப்பெருமைக்கு இழுக்கு எனக் கருதிய தந்தை அவளைச் சுட்டுக் கொன்றார். எத்தனை பிறவி எடுத்தாலும் அவர்களைச் சேர விடேன் என்று சூளுரைத்தார். அந்த ஜமீன்தார் நம்பியார்.

முற்பிறவிக் காட்சிகளில் மிடுக்கோடு நிற்கும் அவரே, கதையின் நிகழ்காலத்தில் நூறாண்டைக் கடந்த கிழவராக மீண்டும் வருகிறார். இங்கேதான் அப்படத்தின் நுட்பம் அமைந்திருக்கிறது. இதற்கு முன் 1958இல் வந்த இந்திப் படமான 'மதுமதி'யும் மறுபிறவிக் காதலைச் சொல்லிற்று. ஆயினும் அதில் கொடியவன் முற்பிறவிக் கதையோடு நின்றுவிடுகிறான். 'நெஞ்சம் மறப்பதில்லை'யிலோ காதலர் இருவரும் இறந்து பிறந்து வருகின்றனர். அவர்களைப் பிரித்தவர் மட்டும் சாகவேயில்லை. காதல் தொடர்வதற்கு இரண்டு பிறவிகள் வேண்டியிருக்கின்றன. பகைக்கு ஓர் உடலே போதுமானதாக இருக்கிறது!

பாழடைந்த மாளிகையைக் கண்டவுடன் நாம் அணங்கை எதிர்பார்த்து அஞ்சுகிறோம். கதவு அசைகிறது, நிழல் நகர்கிறது, குரல் கேட்கிறது. ஆனால் இறுதியில் நம் முன் வந்து நிற்பது அணங்கன்று, இறை. பேயினும் கொடியது சாக மறுக்கும் ஆதிக்கம் என்பதைப் படம் சொல்லாமற் சொல்கிறது. சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த இப்படத்தில், சட்டத்தால் மறைந்த ஜமீன்தார் ஒருவர் தம் பழைய சினத்தோடு உயிர்த்திருக்கிறார். ஏட்டளவில் ஒழிந்த ஒன்று உள்ளத்தளவில் ஒழிய எத்தனை தலைமுறை செல்லும் என்னும் வினா அந்தக் கிழவரின் தளர்ந்த நடையில் ஒலிக்கிறது. இன்றும் குடிப்பெருமையின் பேரால் காதலர் கொல்லப்படும் செய்திகளை நாம் படிக்கின்றோம். அந்த ஜமீன்தார் இன்னும் சாகவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இப்பாத்திரத்தை மிகைநடிப்பால் கெடுத்துவிடுதல் எளிது. நம்பியார் தம் வழக்கமான கருவிகள் பலவற்றை இங்கே அடக்கி வைத்தார். பல்லைக் கடித்துப் பேசும் வேகம் குறைந்தது; முதுமையின் தளர்ச்சியும் அத்தளர்ச்சிக்குள் அணையாத கனலும் ஒருங்கே தோன்றின. உடல் ஒடுங்க ஒடுங்கக் கண்கள் மட்டும் வளர்வதுபோன்ற தோற்றம். வின்சென்ட்டின் ஒளியும் நிழலும் அதற்குத் துணை நின்றன. கோழிக்கோட்டில் பிறந்த அவ்வின்சென்ட்டே மறு ஆண்டில், 1964இல், வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தைக் கொண்டு மலையாளத்தில் 'பார்கவி நிலயம்' என்னும் புகழ்பெற்ற பேய்ப்படத்தை இயக்கினார். அங்கும் ஆளில்லா மாளிகை. அங்கும் கொலையுண்ட ஒரு பெண்ணின் காதல். எல்லையின் இருபுறத்தும் அடுத்தடுத்த ஆண்டுகளில் மக்களை அஞ்சவைத்த இரு படங்களிலும் ஒரே கலைஞரின் பார்வை இருந்தது என்பது, எல்லையில் வாழும் நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

நல்லவர் என்னும் திரை

நம்பியார் தம் வாழ்வில் மதுவையும் புலாலையும் தொடாதவர். 60 ஆண்டுகளுக்கு மேல் சபரிமலைக்குச் சென்று 'மகாகுருசாமி' எனப் போற்றப்பட்டவர். ஐயப்பன் கதையை நாடகமாக்கித் தமிழகமெங்கும் நடத்திய நவாப் இராசமாணிக்கமே அவருக்கு இவ்வழியிலும் முன்னோடி. 1982இல் 'தூறல் நின்னு போச்சு' படத்தில் பாக்கியராஜ் அவரை நல்லவராகக் காட்டியபோது மக்கள் மனமார வரவேற்றனர். 2008 நவம்பர் 19ஆம் நாள், கார்த்திகை பிறந்து மாலையணியும் பருவத்தில், தம் 89ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின்னும் நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி ஒன்றே: 'திரையில் கொடியவர், வாழ்வில் உத்தமர்.' இஃது உண்மை, ஆனால் முழுமையன்று. இவ்வொரு தொடரைச் சொல்லிவிட்டு அவர் கலையைப் பற்றிப் பேசாமலே கடந்துவிடுகின்றோம். அவருடைய ஒழுக்கத்தைப் புகழ்வதால் அவருடைய உழைப்பு மறைந்துவிடுகிறது. குரல் மாற்றிப் பேசும் பலகுரல் கலைஞர்களோ, கைகளைப் பிசையும் ஒரு செய்கையை மட்டும் எடுத்துக்கொண்டு அதுவே நம்பியார் என்றாக்கிவிட்டனர். நெறியாளர் என்னும் புகழ்ச்சிக்கும் கேலிச் செய்கைக்கும் இடையில் நடிகர் காணாமற் போனார்.

மேலைநாட்டில் போரிஸ் கார்லாஃப் என்பவரின் வரலாறு ஒப்பு நோக்கத்தக்கது. இந்திய உப்பு வரித்துறையில் பணியாற்றிய ஒருவரின் மகன் அவர். 1931இல் 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில் பேருருவாக நடித்தபோது, தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அவருடைய பெயருக்கு மாறாக ஒரு கேள்விக்குறியே இருந்தது. அவரும் வாழ்வில் மென்மையானவர், குழந்தைகளின் அன்புக்குரியவர். எனினும் அந்நாட்டார் அவரை நல்லவர் எனப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. பேசாத உருவத்திற்கு அவர் எவ்வாறு இரக்கத்தை ஊட்டினார், கனத்த ஒப்பனைக்குள்ளிருந்து கண்களால் எவ்வாறு பேசினார் என்றெல்லாம் ஆராய்ந்து நூல்கள் எழுதினர். கேள்விக்குறியாய்த் தொடங்கியவர் கலை வரலாற்றில் ஒரு பெயராய் நிலைத்தார்.

அவ்வாறு நம்பியாரையும் நிலைநிறுத்துதல் நம் கடன். நடிகரின் நற்குணத்தைக் கூறுவதற்கு உற்றாரும் நண்பரும் உண்டு. நடிப்பின் நுட்பத்தைக் கூறுவதற்கு மெய்ப்பாட்டியல் கற்ற தமிழ்ச் சங்கத்தார் அன்றோ முன்வர வேண்டும்? 'நெஞ்சம் மறப்பதில்லை'யை மீண்டும் காணும் அன்பர்கள், அந்தக் கிழ ஜமீன்தார் திரையில் தோன்றும்போது, வேடத்துக்குப் பின்னிருந்த நல்ல மனிதரைத் தேடாது, அவ்வேடத்தையே உற்று நோக்குவாராக. அணங்கு என்று அஞ்சத் தொடங்கிய நம்மை இறைக்கு அஞ்சுமாறு செய்து, அவ்வச்சத்தின் வாயிலாகவே அவ்விறையை வெறுக்கவும் கற்பித்தவர் அவர். ஆதிக்கத்தின் முகம் எப்படியிருக்கும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கும் காட்டிய கலைத்தொண்டு அது. அத்தொண்டுக்கு உரிய மதிப்பு இன்னும் செலுத்தப்படாத கடனாகவே நம்மிடம் இருக்கிறது.