முள்கரண்டிக்கு முன் கை

சீனத்திலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்ததே பாஸ்தா என்ற கதையை நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். சுவையான கதைதான்; காலக்கணக்கு இடிக்கிறது. போலோ வெனிஸ் திரும்பியது 1295இல். ஜெனோவாவில் ஒரு படைவீரனின் உடைமைப் பட்டியலிலோ 1279இலேயே ஒரு கூடை மக்கரோனி இருக்கிறது. அதற்கும் முன்பு, 1154இல், சிசிலியின் த்ராபியாவில் மாவை நூலிழையாக்கிக் கப்பல்களில் அனுப்பியதை அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி எழுதியிருக்கிறார்.

ஆயினும் நம் ஆர்வம் பிறப்பிடத்தில் அன்று, உண்ணும் முறையில். இவ்விஷயத்தில் இன்றைய இத்தாலியர் கண்டிப்பானவர்கள். பாஸ்தா தொடுகறியன்று, இறைச்சிக்கு முன் தனித்து வரும் உணவு. பல்லுக்குச் சற்றே எதிர்ப்புத் தரும் பதத்தில் இறக்கவேண்டும். அதைத்தான் 'அல் தென்தே' என்பர். ஸ்பகெட்டியை நறுக்கலாகாது, முள்கரண்டியில் சுற்றியே உண்ணவேண்டும். மீன் சேர்ந்த பாஸ்தாவின்மேல் பாலாடைக்கட்டி தூவினால் முகம் சுளிப்பர். எல்லாம் தொன்றுதொட்டு வந்தவை என்று தோன்றும். ஆனால் 15ஆம் நூற்றாண்டின் பெரும் சமையற்கலைஞர் மார்த்தினோ, சிசிலி மக்கரோனியை இரண்டு மணிநேரம் வேகவைக்கச் சொல்கிறார்! இன்று அதைக் கூழ் என்றே ஒதுக்குவார்கள்.

நேப்பிள்ஸ் மக்களுக்கு முன்னர் 'இலைதின்னிகள்' என்று பட்டப்பெயர். கீரையும் கோசும் அவர்கள் உணவு. 17ஆம் நூற்றாண்டில் இறைச்சி எட்டாக்கனியாயிற்று. மாவைப் பிழியும் பொறிகள் பாஸ்தாவை மலிவாக்கின. இலைதின்னிகள் 'மக்கரோனிதின்னிகள்' ஆனார்கள். தெருவோரக் கொப்பரையில் வெந்ததன்மேல் துருவிய பாலாடைக்கட்டி மட்டுமே. தக்காளியிட்ட வெர்மிசெல்லி காவல்காந்தியின் சமையல் நூலில் இடம்பெறுவது 1839இல்தான். முள்கரண்டி ஏது? இழைகளைக் கையால் உயரத் தூக்கி, தலையைப் பின்னே சாய்த்து, வாய்க்குள் இறக்கினார்கள். அயல்நாட்டுப் பயணிகள் இதைக் காணக் காசு கொடுத்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஜியார்ஜியோ சோமர் போன்றோர் எடுத்த நிழற்படங்கள் நினைவுப்பொருளாய் விற்றன.

கையால் உண்ணும் மரபினரான நமக்கு அப்படங்களில் நகைக்க ஏதுமில்லை. காசு தந்தவனின் பார்வைதான் உறுத்துகிறது. பசித்தவனின் உணவுவேளை அவனுக்கு வேடிக்கை.

1930இல் கவிஞர் மரினெட்டி, பாஸ்தா இத்தாலியரைச் சோம்பேறிகளாக்குகிறது, ஒழிக்கவேண்டும் என்று முழங்கினார். நாடு அதைக் கேட்டுவிட்டு உண்ணப்போயிற்று.

கை முற்றிலும் விலகவுமில்லை. தட்டில் எஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துண்பதற்கு 'ஸ்கார்பெத்தா' என்று பெயர். சிறுகாலணி என்று பொருள். விருந்து மேசைகளில் இதை நாகரிகக் குறைவு என்பர். வீட்டிலோ, தட்டு பளபளத்தால் சமைத்தவருக்கு மகிழ்ச்சி.