வாவி விளக்கும் வானத்துத் திரளும்

தமிழிலே மீன் என்னும் சொல் நீரில் நீந்துவதையும் குறிக்கும்; வானில் ஒளிர்வதையும் குறிக்கும். இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதற்கு மட்டக்களப்பு வாவிக் கரையினும் பொருத்தமான இடம் வேறில்லை. முழுநிலா நாளிலே கல்லடிப் பாலத்தருகில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்து மீனின் பாட்டைக் கேட்பது அவ்வூர் வழக்கம். நிலவில்லாத இரவில் அங்கே வேறொரு காட்சி உண்டு. இறால் பிடிப்போரின் தோணி விளக்குகள் இருளிலே புள்ளி புள்ளியாய்த் தெரியும். மங்கலாய்த் தெரிகின்ற ஒரு விளக்கு அருகிலுள்ள சிறு விளக்கா, தொலைவிலுள்ள பெரு விளக்கா? கரையில் நிற்கும் புதியவர் மயங்குவர். வாவியிலே வளர்ந்த தோணிக்காரரோ பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். பல இரவுகள் பார்த்து, எந்தத் தோணி எங்கே நின்றதென்று விடிந்தபின் கேட்டறிந்த பழக்கமே அவருக்கு ஆசான்.

வானநூலார் நூறாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் வினாவும் இதுவே. தொலைநோக்கியில் மங்கிய மாசுபோல் தெரியும் ஒன்று, பல கோடி விண்மீன்கள் கூடிய பெருந்திரளாக இருக்கலாம். அது எவ்வளவு தொலைவில் உள்ளது?

இதற்கு நம்பத்தக்க வழி, அதன் ஒளியை நிறமாலையாக விரித்துப் பார்ப்பது. அமெரிக்காவின் லோவல் வானாய்வு நிலையத்தில் வெஸ்டோ சிலைபர் 1912 இல் இப்பணியைத் தொடங்கினார். ஒரே திரளின் ஒளியைப் பல மணி நேரம், சில வேளை பல இரவுகள், தட்டிலே சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் ஆராய்ந்தவற்றுள் பெரும்பாலானவற்றின் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. தொலைவு மிக மிக அந்நகர்வும் மிகும் என்பதை எட்வின் ஹபிள் 1929 இல் வெளியிட்டார். அன்று முதல் சிவப்பு நகர்வே வானத்தின் அளவுகோலாயிற்று. ஆயின் அது பொறுமையைச் சோதிக்கும் அளவுகோல். மிக மங்கலான திரளின் ஒளியை விரித்தால், விரித்த ஒளியில் ஒன்றுமே தெரியாமற் போகும்.

வில்லியம் போம் என்பவர் ஒரு குறுக்குவழி கண்டார். பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு, ஒன்பது நிறக் கண்ணாடிகளினூடே திரள்களின் ஒளியை அளந்து, அவ்வளவுகளின் ஒப்பீட்டிலிருந்தே சிவப்பு நகர்வை மதிப்பிட்டார். 1962 இல் அவர் வெளியிட்ட மதிப்பீடுகள் நிறமாலை அளவுகளோடு வியப்பூட்டும் வகையில் ஒத்திருந்தன. விளக்கின் நிறத்தை வைத்துத் தொலைவைச் சொல்வது போன்றதே இது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. ஹபிள் விண்தொலைநோக்கி எடுத்த ஆழ்ந்த படங்களிலே புள்ளியையும் தட்டையும் உருண்டையையும் கணனி தானே பிரித்தறியும் முறையை 1990களில் வகுத்தவர்களுள் முதன்மையானவர் இலங்கையரான கவன் ரத்னதுங்க. முன்னே நிற்கும் ஒரு திரளின் ஈர்ப்பு, பின்னே தொலைவிலுள்ள ஒளியை நான்காகக் காட்டும் அரிய காட்சிகள் இரண்டை அவர் குழுவினர் 1995 இல் வெளியிட்டனர். அவரது கணனி, மனிதர் எழுதிக் கொடுத்த வடிவங்களைப் பொருத்திப் பார்த்ததேயன்றித் தானாகக் கற்கவில்லை.

கற்கும் பொறி அதே காலத்தில் வேறிடத்தில் வளர்ந்தது. 831 திரள்களின் படங்கள் ஆறு வல்லுநரிடம் கொடுக்கப்பட்டன. வல்லுநர்களே ஒருவரோடொருவர் முற்றும் ஒத்துப்போகவில்லை! அவர்கள் தந்த விடைகளிற் பயின்ற பொறி, அவர்கள் தமக்குள் முரண்பட்ட அளவுக்கே தவறிற்று. அதற்கு மேல் தவறவில்லை. 2002 இல் கடலுக்கு அப்பால், கேரளத்தையும் பூனாவையும் சேர்ந்த நினான் சஜீத் பிலிப், அஜித் கெம்பாவி முதலியோர், ஒரு புள்ளி விண்மீனா திரளா என்பதைப் பிரித்தறியும் பொறியொன்றை வெளியிட்டனர். 2004 இல் கொலிஸ்டரும் லகாவும் போம் தொடங்கிய வேலையையே பொறியிடம் ஒப்படைத்தனர். நிறமாலையால் தொலைவு அறியப்பட்ட திரள்களின் ஐந்து நிற அளவுகளைப் பொறிக்குக் காட்டி, பின்னர் விடை தெரியாதவற்றைக் கேட்டனர். தோணிக்காரர் பழகிய முறையும் அதுவன்றோ?

இங்கேதான் ஓர் இடுக்கண். பெற்றோமக்ஸ் விளக்கிலே பழகிய கண், மின்கல விளக்கின் வெள்ளொளியைக் கண்டால் தடுமாறும். நிறமாலை எடுக்கப்பட்டவை பெரும்பாலும் ஒளிமிக்க திரள்கள். பொறியிடம் கேட்கப்படுபவையோ மிக மங்கலானவை. தான் காணாத வகையொன்று எதிர்ப்பட்டாலும் பொறி கூசாமல் ஒரு விடை சொல்லும். நிறத்தை மட்டும் நம்புவதன் ஆபத்து 2022 இல் வெளிப்பட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ட ஒரு திரளுக்கு நிற அளவுகளால் 16.4 என்னும் சிவப்பு நகர்வு கூறப்பட்டது. அண்டம் தோன்றி ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளே ஆனபோது புறப்பட்ட ஒளி என்பது அதன் பொருள். 2023 இல் நிறமாலை எடுத்தபோது நகர்வு 4.9 ஆகவே இருந்தது. ஒளி புறப்பட்டது அண்டத்துக்கு ஏறத்தாழ 120 கோடி வயதானபோதுதான். தூசியும் சில வாயுக்களின் கூரிய ஒளியும் சேர்ந்து தொலைவின் நிறத்தை நடித்துவிட்டன. அம்மதிப்பீடு கற்ற பொறியின் வேலையன்று. எனினும் பொறியும் அதே நிறங்களையே நம்புகிறது.

சிலி நாட்டு மலையொன்றிலுள்ள வேரா ரூபின் வானாய்வு நிலையம் 2025 ஜூனில் தன் முதற் படங்களை வெளியிட்டது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 2,000 கோடி திரள்களை ஆறு நிறங்களிற் படம்பிடிப்பது அதன் நோக்கம். அவற்றுள் மிகச் சிறு பங்குக்கே நிறமாலை எடுக்க இயலும். எஞ்சியவற்றின் தொலைவைப் பொறிகளே சொல்ல வேண்டும். ஆகையால் அப்பொறிகளுக்குக் காட்டுவதற்கென்றே மங்கலான திரள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாய் அவற்றின் ஒளியை விரித்து அளக்கும் வேலையும் பெருந்தொலைநோக்கிகளில் உடன் நடைபெறுகிறது. சிலைபர் 1912 இல் செய்த வேலைதான் அது.