தென்காசித் தொகுதியும் வாக்காளர் சார்பும்

தென்காசி வட்டாரத்தைக் 'காங்கிரசுக் கோட்டை' எனக் கூறும் வழக்கு நெடுநாளாக உண்டு. 1957இல் நடந்த தேர்தல் தொடங்கி 1991 வரை, தென்காசி மக்களவைத் தொகுதியில் நிகழ்ந்த ஒன்பது பொதுத்தேர்தல்களிலும் அக்கட்சியினரே வென்றனராதலின், அவ்வழக்கு அடிப்படையற்றதன்று. ஆயினும், ஒரு கட்சிக்கு வாக்களித்தல் வேறு. அக்கட்சி இடம்பெற்ற கூட்டணிக்கு வாக்களித்தல் வேறு. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காணாது வெற்றியின் தொகையை மட்டும் எண்ணின், பெறும் முடிவு உண்மைக்குச் சேய்மைத்தாகும்.

ஒன்பதனுள் பிற்பட்ட ஐந்து வெற்றிகளும் மு. அருணாசலம் அவர்கள் பெற்றவை. 1977இல் அவர் நின்ற அணியில் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் இருந்தது; 1980இல் அவ்விடத்தைத் திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றது; 1984இல் மீண்டும் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகமே துணையாயிற்று. துணை மாறியும் வெற்றி மாறவில்லை. இதனைத் தொகுதியின் மாறாப் பற்றுக்குச் சான்றாகக் கொள்வாரும் உளர். கூட்டணிக் கணக்கின் பயன் என்று கொள்ளுதற்கும் இதே செய்தி இடந்தருகின்றது. ஆதலின், காங்கிரசு எத்திராவிடக் கட்சியின் துணையுமின்றி நின்ற தேர்தல்களையே உரைகல்லாகக் கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து.

அத்தகையவற்றுள் முதன்மையானது 1967ஆம் ஆண்டுத் தேர்தல். அவ்வாண்டு விருதுநகரில் காமராசரே தோற்றார். சென்னை மாநிலத்தின் 39 மக்களவை இடங்களுள் காங்கிரசு பெற்றவை மூன்றே. அம்மூன்றனுள் ஒன்று தென்காசி. அங்கு ஆர். எஸ். ஆறுமுகம் வென்றார். எனினும், அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மாநில அளவில் காங்கிரசு நூற்றுக்கு 41 அளவிலும் திராவிட முன்னேற்றக் கழகம் அதனினும் சற்றுக் குறைவாகவும் வாக்குகள் பெற்றன என்பதை மறத்தலாகாது. இடங்களோ முறையே 51, 137. காங்கிரசின் வாக்கு அழிந்துபடவில்லை. எதிரணியின் ஒருங்கிணைப்பே அதனை வென்றது. தென்காசியில் அவ்வொருங்கிணைப்பாலும் அதனை வெல்ல இயலவில்லை. 1977, 1989 ஆகிய ஆண்டுகளின் சட்டமன்றத் தேர்தல்களிலும் காங்கிரசு திராவிடக் கட்சிகளின் துணையின்றியே நின்று, மாநிலமெங்கும் முப்பதுக்கும் குறைந்த இடங்களையே பெற்றது. அவ்விரு முறையும் தென்காசிச் சட்டமன்றத் தொகுதி அக்கட்சிக்கே வாய்த்தது. ஆகவே அதற்கெனத் தனிவாக்கு இங்கு இருந்தது என்பது தெளிவு.

அத்தனிவாக்கு முழுதும் கட்சிப்பற்றால் எழுந்ததா எனின், அன்று என்க. 1957இல் இவ்வட்டாரம் மக்களவைக்குக் காங்கிரசைச் சார்ந்த மு. சங்கரபாண்டியனைத் தேர்ந்தது, அதே தேர்தலில் தென்காசிச் சட்டமன்றத் தொகுதியோ சுயேச்சையாக நின்ற கே. சட்டநாதக் கரையாளரைத் தேர்ந்தது. இது கூர்ந்து நோக்கத்தக்கது. குற்றாலத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை இம்மாநிலத்தைச் சேர்ந்ததன்று, திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. அங்குத் தமிழர் உரிமை கோரி நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு 1954 தேர்தலில் 12 இடங்களைப் பெற்றது. பெயரிலே காங்கிரசு எனினும், ஆங்கிருந்த காங்கிரசுக்கு எதிர்நின்ற கட்சி அது. எல்லைக்கு மேற்கே தமிழுக்கு வாக்களித்தல் காங்கிரசை மறுத்தலாயிற்று. கிழக்கே அந்நெருக்கடி இல்லை. செங்கோட்டை வட்டத்தின் மேற்குப் பகுதி கேரளத்தோடு நிற்க, எஞ்சியது திருநெல்வேலியோடு இணைந்தது. இணைந்த மறு ஆண்டே நடந்த தேர்தலில் கரையாளர் போன்ற ஒருவர் கட்சிச் சின்னமின்றி வென்றமை, மொழியும் மண்ணும் பற்றிய உணர்ச்சி கட்சியினும் வலிதாக நின்ற காலம் ஒன்று இங்கு இருந்ததைக் காட்டுகின்றது.

ஈண்டு ஒன்று கூறுதல் பொருந்தும். சாரற் பருவத்தில் குற்றாலத்தே திரள்வோரிற் பெரும்பாலார் வெளியூரினர். அங்குக் கேட்கும் அரசியற் பேச்சைக் கொண்டு இவ்வட்டாரத்தின் சார்பை அளக்க முற்படுவது, அருவியில் நனைந்து ஆற்றின் ஆழம் கூறுவதை ஒக்கும்.

1996இல் காங்கிரசு பிளவுற்றபோது அருணாசலம் தமிழ் மாநிலக் காங்கிரசின் சார்பில் நின்று ஆறாம் முறையும் வென்றார். வாக்காளர் பழைய கட்சியை விட்டுப் பழகிய வேட்பாளரைப் பின்பற்றினர். 1998இல் அவரும் தோற்க, தொகுதி அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் பாற்பட்டது. 2004இல் திராவிட முன்னேற்றக் கழக அணியிலும், 2009இல் அதற்கு எதிரணியிலும் நின்ற இந்தியப் பொதுவுடைமைக் கட்சி இருமுறையும் வென்றது. பின்னைய முறை அது வென்றது காங்கிரசையே. கோட்டை என்னும் சொல் அத்தேர்தலுக்குப் பின் பொருளிழந்தது. நெடுங்காலமாகத் தனித்தொகுதியாக உள்ள இங்கு, புதிய தமிழகத்தின் தலைவர் க. கிருஷ்ணசாமி 2014இல் ஓரணியிலும் 2019இல் மற்றோரணியிலும் நின்று இருமுறையும் தோற்றமையும் ஒப்புநோக்கத்தக்கது. அணிமாற்றம் அருணாசலத்திற்கு ஊறு செய்யவில்லை, இவருக்கோ உதவவில்லை.

சட்டமன்றத் தொகுதியின் அண்மைக்காலக் கணக்கு இன்னும் நுண்ணியது. 2016இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் செல்வமோகன்தாசு பாண்டியன் காங்கிரசின் பழனி நாடாரை 462 வாக்குகளால் வென்றார். 2021இல் அவ்விருவரே மீண்டும் எதிர்நின்றனர். பழனி நாடார் 370 வாக்குகளால் வென்றார்.