100 செல் உள்ளே போனால் 5 கூட தேறாது! 'தைமஸ்' சுரப்பிக்குள் நடப்பது என்ன?

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு சற்று மேலே இருக்கிறது தைமஸ் சுரப்பி. கிருமிகளை எதிர்க்கும் 'டி செல்'கள் தயாராவது இங்குதான். 'டி' என்ற எழுத்தே தைமஸ் என்ற பெயரிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் இதை வேலையில்லாத உறுப்பு என்றே மருத்துவ உலகம் நினைத்தது. 1961ல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றினார். அவற்றின் நோய் எதிர்ப்பு சக்தி சரிந்து போனது. அதன் பிறகே தைமஸின் அருமை புரிந்தது.

வழிகாட்டுவது யார்?

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் செல்கள் ரத்தம் வழியாக தைமஸுக்கு வருகின்றன. அவற்றை இழுப்பவை 'கீமோகைன்' எனப்படும் சிறு புரதங்கள். வாசனை பிடித்து எறும்பு போகிற மாதிரி, கீமோகைன் அதிகம் உள்ள பக்கம் செல் நகரும். உள்ளே வந்ததும், தைமஸில் உள்ள ஒரு புரதம் இளம் செல்லின் 'நாட்ச்' என்ற ஏற்பியைத் தொடுகிறது. 'நீ டி செல்லாக மாறு' என்பதே அந்த சிக்னல். அது கிடைக்காவிட்டால் செல் வேறு வகையாக மாறிவிடும்.

இரண்டு தேர்வுகள்

முதல் தேர்வு, சுரப்பியின் வெளிப்பகுதியில். நம் செல்கள் தங்கள் மேல் தாங்கி நிற்கும் அடையாளப் புரதத்தை இளம் செல்லால் 'படிக்க' முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடியாவிட்டால், உயிர் பிழைப்பதற்கான சிக்னல் வராது. செல் சில நாட்களில் இறந்துவிடும்.

தேறிய செல்லை வேறொரு கீமோகைன் உள்பகுதிக்கு அழைக்கிறது. அங்கே 'ஏஐஆர்இ' என்ற மரபணுவின் உதவியால், கணையத்தில் சுரக்கும் இன்சுலின் உட்பட பல உறுப்புகளின் புரதங்கள் சாம்பிளாகக் காட்டப்படுகின்றன. அதை எதிரி என்று நினைத்து இறுகப் பிடிக்கும் செல்லுக்கு, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் உத்தரவு போகும். அப்படிப்பட்ட சில செல்கள் மட்டும், மற்ற செல்களை அடக்கி வைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்'களாக மாறுகின்றன. கடைசியில் தேறி ரத்தத்துக்குள் வருவது 100க்கு 5க்கும் குறைவு.

சிக்னல் தவறினால்?

ஏஐஆர்இ மரபணு பழுதானால், தப்பிய செல்கள் சொந்த உடலையே தாக்கும். 'அபெசெட்' எனும் இந்த அரிய நோய் பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கும். அட்ரினல், பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்படும்.

பெரியவர்களுக்கு தைமஸ் தேவையா?

பருவ வயதுக்குப் பிறகு தைமஸ் சுருங்கி, கொழுப்பாக மாறத் தொடங்கும். அதனால், இதய அறுவை சிகிச்சையின்போது இடைஞ்சல் என்று சில சமயம் அகற்றிவிடுவதுண்டு. ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தைமஸ் அகற்றப்பட்டவர்களில் 5 ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 8.1%. இதேபோன்ற அறுவை சிகிச்சை செய்தும் தைமஸ் அகற்றப்படாதவர்களில் இது 2.8%தான். தைமஸ் கட்டி, 'மயஸ்தீனியா கிராவிஸ்' போன்ற நோய்களுக்கு அகற்றுவது அவசியமாகலாம். மற்றபடி, 'சும்மாதானே இருக்கு' என்று எடுத்துவிடக்கூடிய உறுப்பு அல்ல தைமஸ்.