கேசட்டில் விழுந்த முதல் படம்

போன மாசம் அக்கா பையன் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்து, "மாமா, இதை எப்படிப் பழகறது?"ன்னு நின்னான். மெனுவைத் தொடறதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1969ல அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ரெண்டு பேரும் சிசிடி என்ற சில்லைக் கண்டுபிடிச்சாங்க. மேல விழற வெளிச்சத்தை மின்சாரமா மாத்தற சில்லு. (நோபல் பரிசு வந்தது 2009ல. நாற்பது வருஷக் காத்திருப்பு!) அதை வச்சு 1975ல கோடாக் கம்பெனியின் இளம் இன்ஜினியர் ஸ்டீவ் சாஸன் ஒரு கேமரா செஞ்சார். சினிமா கேமரா லென்ஸ், 16 பேட்டரி, படத்தைச் சேமிக்க ஒரு டேப் கேசட். எடை 3.6 கிலோ. 100க்கு 100 புள்ளி, அதாவது வெறும் 0.01 மெகாபிக்ஸல், அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு படம் கேசட்டில் பதிய 23 வினாடி ஆகும். பார்க்கணும்னா டிவியில் போட்டுத்தான் பார்க்கணும்.

கேசட்டில் இன்னும் நிறைய படம் கொள்ளும். ஆனா சாஸன் 30 போதும்னு வச்சார். ரோலில் 24 இல்லேன்னா 36தானே, அதுக்கு நடுவுல ஒரு எண்!

1978ல காப்புரிமையும் வாங்கியாச்சு. ஆனா கோடாக்குக்குச் சோறு போட்டது ஃபிலிம். அதை விட மனசு வரலை. 2012 ஜனவரியில் திவால் மனு போட்டாங்க. தன் வீட்டில் பிறந்த குழந்தையை வளர்க்கத் தயங்கின கதை.

1994ல வந்த ஆப்பிள் குவிக்டேக் 100ல நல்ல தரத்தில் எடுத்தா 8 படம்தான். கழட்டி மாத்த கார்டு கிடையாது, எடுத்ததைப் பார்க்கத் திரையும் கிடையாது. 1995ல கேசியோ க்யூவி-10 பின்னாடி ஒரு குட்டித் திரையோட வந்தது. என்னைக் கேட்டா, பழகறவங்களுக்குப் பெரிய வாத்தியார் அந்தத் திரைதான். ஃபிலிம் காலத்தில் ரோல் முடிஞ்சு, கழுவி, பிரிண்ட் வர ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள என்ன ஷட்டர் வேகம் வச்சோம்னே மறந்து போயிருக்கும். எக்ஸிஃப் என்ற முறை வந்ததும் 1995லதான். ஷட்டர், அபெர்ச்சர் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிவாகும். ஆடிப்போன படத்தைத் திறந்தா "1/15"ன்னு இருக்கும். அடுத்த தடவை ட்ரைபாட் எடுத்துக்கோன்னு அர்த்தம் :-)

1999ல எஸ்டி கார்டு அறிவிப்பு வந்தது. இங்கேதான் என் சொந்தக் கதை.

2004ல தாத்தாவுக்கு சதாபிஷேகம். புதுக் கேமரா, 256 எம்பி கார்டு, நான்தான் ஆஸ்தான போட்டோகிராபர். ரெண்டு நாள் கழிச்சு, படமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சுன்னு நம்பி ஃபார்மட் பண்ணிட்டேன். போகலை. அது தெரியாம அதே கார்டில் இன்னொரு கல்யாணமும் எடுத்துட்டேன். பழைய படம் மேல புதுசு எழுதிட்டா மீட்கற மென்பொருளும் கைவிரிச்சிடும். அடுத்த வருஷம் தாத்தா போயிட்டார். இன்னிக்கு எங்க வீட்டுச் சுவரில் இருக்கறது, அன்னிக்குப் பெரிய மாமா பழைய ஃபிலிம் கேமராவில் எடுத்த ஒரே ஒரு படம். மாமாவை நான் அன்னிக்குக் கிண்டல் பண்ணினேன்கிறது வேற விஷயம்.

பையன்கிட்ட கடைசியா சொன்னது இதுதான். முதல்ல வாங்க வேண்டியது பெரிய லென்ஸ் இல்லை. ரெண்டாவது கார்டு, ரெண்டாவது பேட்டரி. ரெண்டு இடத்தில் படத்தைப் போட்டு, ரெண்டையும் திறந்து பார்த்தப்புறம்தான் ஃபார்மட்.

தலையை ஆட்டினான். அப்புறம், "மாமா, அப்படியே நில்லுங்க"ன்னு என்னை ஒரு படம் எடுத்தான். கொஞ்சம் ஆடியிருக்கு. அழிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.